இருபது அடியும் ஒரு கருங்காலித் தடியும்

பிள்ளையின் கண்ணைப் பரிசோதிக்க இருபது அடி தூரம் வேண்டும். பத்தொன்பதரை அடி போதாது. இதை என் சேவைக் காலத்தில் எத்தனை அதிபர்களுக்குச் சொல்லியிருப்பேன் என்று கணக்கில்லை. "ஒரு அரையடியிலை என்ன ஐயா வந்திடப்போகுது" என்பார்கள். அளவு நாடாவை விரித்து, சுவரிலிருந்து இருபதாவது அடியில் சோக்கட்டியால் கோடு கீறிவிட்டு நிமிர்வேன். அந்தக் கோடுதான் பதில்.

நான் பொதுச் சுகாதாரப் பரிசோதகராக இருந்து ஓய்வுபெற்றவன். ஊரவர்களுக்குப் பி.எச்.ஐ. ஐயா. கிணறுகளுக்குக் குளோரின் போடுவித்தேன், மலசலகூடக் குழிகளின் ஆழம் பார்த்தேன், தேத்தண்ணிக் கடைகளில் ஈ மொய்த்த வடைகளைக் கொட்டுவித்தேன். இவற்றில் எனக்குப் பெரிய பெருமை இருந்ததில்லை. பெருமைப்பட்டது பாடசாலை மருத்துவப் பரிசோதனையில், அதிலும் கண் பார்ப்பதில். நான் வைத்திய பீடத்துக்கு எடுபடாமல் போனவன். வருடத்தில் சில காலைகளில் மட்டும், ஒரு பிள்ளை ஒரு கண்ணை மறைத்துக்கொண்டு என் முன்னால் நிற்கும்போது, எடுபட்டவன் போல ஒரு நினைப்பு வரும்.

சின்ன வகுப்புப் பிள்ளைகளுக்கென்று ஒரு அட்டை உண்டு. அதில் ஆங்கில ஈ என்ற ஒரே எழுத்துத்தான். மேலே பெரிதாகவும் கீழே போகப்போகச் சிறிதாகவும், நாலு திசைக்கும் புரட்டிப் புரட்டி அச்சடித்திருக்கும். எழுத்துக்கு முதுகு ஒரு பக்கம், மூன்று கால்கள் மறுபக்கம். கால்கள் எந்தப் பக்கம் நீட்டியிருக்கின்றனவோ, அந்தப் பக்கம் பிள்ளை கையைக் காட்ட வேண்டும். கடைசி வரி வரைக்கும் சரியாகக் காட்டினால் ஆறுக்கு ஆறு என்று எழுதுவோம். குறையில்லாத பார்வை என்று பொருள்.

எழுத்தைச் சுட்டிக்காட்டுவதற்கு என்னிடம் ஒரு கருங்காலித் தடி இருந்தது. மூன்றடி நீளம், நுனியில் வெள்ளைப் பெயின்ற். தூரத்தில் நிற்கும் பிள்ளைக்கு நன்றாகத் தெரியட்டும் என்று நானே பூசியது. தடியைப் பிடிப்பதிலும் ஒரு முறை இருக்கிறது. நுனி எழுத்தின் கால்களை மறைக்கக் கூடாது. ஆகையால் முதுகுப் பக்கமாகக் கொண்டுபோய் முதுகை மட்டும் தொட வேண்டும். மற்றப் பரிசோதகர்கள் கண்டபாட்டுக்குத் தட்டுவார்கள். நான் ஒருநாளும் அப்படித் தட்டியதில்லை.

தொண்ணூறுகளின் முற்பகுதி, போர்க்காலம். மின்சாரம் போய்ச் சுன்னாகத்து மின்நிலையம் சும்மா நின்ற காலம். மண்டபங்களுக்குள் வெளிச்சம் போதாது என்பதால் காலை ஒன்பது மணிக்கும் பதினொரு மணிக்கும் இடையில், வெளிச்சுவரில் அட்டையைத் தொங்கவிட்டுக் கண் பார்த்தேன். நடுவில் விமானச் சத்தம் கேட்டால் பிள்ளைகள் பங்கருக்குள் ஓடுவார்கள். நான் அட்டையைக் கழற்றிக்கொண்டு பின்னால் போவேன். திரும்பி வந்து தொங்கவிடும்போது உயரத்தை மறுபடியும் அளப்பேன்.

உரும்பிராயில் ஒரு கலவன் பாடசாலையில் இரண்டாம் வகுப்புக்குப் புதிதாக ஒரு ரீச்சர் வந்திருந்தார். உடுவிலில் படித்த வேதக்காரப் பெண். முப்பது வயது இருக்கும். முதலாம் தவணை முடிகிற நேரம் அவரிடமிருந்து எனக்கு ஒரு கடிதம் வந்தது. கொப்பி ஒற்றையில் ஏழு பிள்ளைகளின் பெயர்கள். முதலாவது ஒரு வெங்காயத் தோட்டக்காரரின் மகள். பெயருக்கு எதிரே எழுதியிருந்தது: 'இடது கண்ணில் பார்வை மிகக் குறைவு என்று நினைக்கிறேன். வலது கண்ணைக் கட்டினால் நின்ற இடத்திலேயே நின்று அழுகிறாள். இடது கண்ணைக் கட்டினால் கட்டியிருப்பதையே மறந்துவிடுகிறாள்.'

நினைக்கிறேன். உத்தியோகக் கடிதத்தில் யாரும் நினைப்பதில்லை.

கடிதத்தின் பொருள் எனக்கு விளங்காமல் இல்லை. ஒரு கண் சிறுவயதிலிருந்தே மங்கலாக இருந்தால் மூளை அந்தக் கண்ணை நம்புவதை விட்டுவிடும். அதைச் சோம்பல் கண் என்பார்கள். வெளிப்பார்வைக்கு ஒரு குறையும் தெரியாது. நல்ல கண்ணைக் கட்டி வைத்து, மங்கல் கண்ணை வேலை வாங்கினால் பார்வை திரும்பும். ஆனால் அதற்கு வயது இருக்கிறது. ஏழு, எட்டைத் தாண்டத் தாண்ட திரும்புவது குறைந்துகொண்டே போகும். பிறகு என்ன கண்ணாடி போட்டும் பெரிதாகப் பலனில்லை. பயிற்சிக் காலத்தில் இந்தக் கேள்விக்கு நான் முழுப் புள்ளி எடுத்தவன். அந்தப் பிள்ளைக்கு ஆறு முடிந்து ஏழு நடந்துகொண்டிருந்தது.

சைக்கிளை எடுத்துக்கொண்டு நேரே போனேன். பிள்ளையைப் பார்க்கப் போனேன் என்று எழுத ஆசைதான். ஆனால் கண்ணைக் கட்டுவதற்கு இந்த ரீச்சர் யார் என்று பார்க்கத்தான் போனேன்.

இடைவேளை நேரம். மைதானத்தில் இரண்டாம் வகுப்புக் கிளித்தட்டு விளையாடிக்கொண்டிருந்தது. எல்லாப் பிள்ளைகளுடைய வலது கண்ணிலும் வெள்ளைத் துணித் துண்டு, பின்னால் இலாஸ்ரிக். பழைய சீருடைத் துணியில் ரீச்சரே வெட்டித் தைத்தது.

"என்ன ரீச்சர் உது, புது விளையாட்டோ?"

"ஒற்றைக்கண் கிளித்தட்டு, சேர். அரைவாசி நேரம் ஒரு கண், மற்ற அரைவாசி மற்றக் கண். ஒரு கண்ணோடை ஓடி, மற்றக் கண்ணோடை ஓடமாட்டன் எண்டு நிக்கிற பிள்ளையை எழுதி வைக்கிறன்."

"எத்தினை அடி தூரம்?"

"அளக்கேல்லை சேர். பிள்ளையள் ஓடிக்கொண்டெல்லோ இருக்கினம்."

அவர் கேலி செய்யவில்லை. கேட்டதற்குப் பதில் சொன்னார். அது எனக்கு இன்னும் எரிந்தது. கோட்டின் மேல் ஒரு பெண்பிள்ளை இரண்டு கையாலும் சட்டையைப் பிடித்துக்கொண்டு அசையாமல் நின்றாள். அவள்தான். ரீச்சர் போய்த் துணியை மறு கண்ணுக்கு மாற்றிவிட்டார். பிள்ளை மூக்கைத் துடைத்துக்கொண்டு ஓடத் தொடங்கியது.

நான் பார்த்தேன். இரண்டு கண்ணாலும், ஐம்பது அடி தூரத்திலிருந்து, தெளிவாகப் பார்த்தேன். பார்த்துவிட்டுச் சொன்னேன்: "பிள்ளையளைச் சிபாரிசு செய்யிறதுக்கு ஒரு படிவம் இருக்கு ரீச்சர். கொப்பி ஒற்றையிலை எழுத ஏலாது."

படிவத்தை அனுப்பினேன். அடுத்த நாளே நிரப்பி அனுப்பிவிட்டார். அப்படி ஒரு கையெழுத்தை நான் கண்டதில்லை. கோட்டுக்கு வெளியே ஒரு எழுத்துக் கால் வைக்கவில்லை. என் எழுத்தோ, என் மனைவி சொல்வதுபோல, கோழி கிளறின முற்றம். படிவத்தை இரண்டு தரம் பார்த்தேன். பிழை அகப்பட்டது. பார்வை அளவு என்ற நிரல் வெறுமையாக இருந்தது. அதை அதிகாரம் பெற்ற உத்தியோகத்தர் அளந்துதான் எழுத வேண்டும். 'வருடாந்தப் பரிசோதனையின்போது கவனிக்கப்படும்' என்று குறிப்பெழுதி, மற்றப் படிவங்களோடு கோவையில் கோத்துப் போட்டேன். அந்தப் பாடசாலையின் பரிசோதனைக்கு இன்னும் இரண்டு மாதம் இருந்தது. நினைத்திருந்தால் அடுத்த நாளே அட்டையோடு போயிருக்கலாம். எந்த விதியும் தடுக்கவில்லை.

இரண்டாம் தவணையில் போனேன். அட்டையைத் தொங்கவிட்டேன், இருபது அடி அளந்தேன், கோடு கீறினேன். அந்தப் பிள்ளையின் முறை வந்தபோது ரீச்சர் வகுப்பை விட்டு வந்து ஓரமாக நின்றார். பிள்ளையின் வலது கண்ணைக் கறுப்பு மட்டையால் நானே மறைத்து, விரல் இடுக்கால் பார்க்க முடியாதபடி சரிபார்த்து, மட்டையைப் பிடிக்க ஒரு பெரிய பிள்ளையை விட்டேன். பிறகு அட்டையடிக்குப் போய்த் தடியை எடுத்தேன்.

மேல். சரி. வலம். சரி. இடம், கீழ், இடம். சரி, சரி, சரி. பிள்ளை கையை வெட்டி வெட்டிக் காட்டியது. ஏழாவது வரியில், கண் நல்லாயிருக்கிற எனக்கே உற்றுப் பார்க்க வேண்டியிருந்த எழுத்துகளையும் காட்டி முடித்தது. இடது கண் ஆறுக்கு ஆறு.

அந்த நேரம் எனக்கு வந்த சந்தோஷம் ஒரு பிள்ளைக்குக் கண் நல்லாயிருக்கிறதே என்ற சந்தோஷம் அல்ல. பிள்ளையின் மருத்துவ அட்டையில் மையால் எழுதிக் கையொப்பம் வைத்து, எல்லோருக்கும் கேட்கச் சொன்னேன்: "ரீச்சர், உங்கடை முதலாவது ஆள் ஆறுக்கு ஆறு."

ரீச்சர் என்னைப் பார்க்கவில்லை. தடியைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

"சேர், ஒருக்கா நான் காட்டட்டோ? அதே அட்டையிலை."

"அதிகாரம் பெற்ற ஆள்தான் காட்டலாம் ரீச்சர்."

"தடியில்லாமல் ஒருக்கா..."

"அடுத்த பிள்ளை வரட்டும்" என்றேன்.

அவருடைய ஏழு பேரில் ஐந்து பேர் என் பரிசோதனையில் சித்தியடைந்தார்கள். இரண்டு பேரை ஆஸ்பத்திரிக்கு அனுப்பினேன். மற்ற வகுப்புகளில் நானாகக் கண்டுபிடித்த ஒன்பது பேரையும் அனுப்பினேன்.

பெரியாஸ்பத்திரியில் அப்போது இருந்த கண் டொக்டர் பள்ளிக்கூடத்தில் எனக்கு மூன்று வகுப்புக் கீழே படித்தவர். எடுபட்டவர். என்னை மரியாதையாக 'அண்ணை' என்பார். அந்த மரியாதையில் எனக்கு வேண்டியது இல்லை. எனக்கு வேண்டியது, ஒருநாளாவது அவர் என் வேலையைப் பற்றி ஒரு நல்ல வார்த்தை சொல்வது. மாதமொருமுறை அறிக்கைகளோடு போவேன். அந்த மாதம் அவர் கோவையைப் புரட்டிக்கொண்டே சொன்னார்:

"அண்ணை, நீங்கள் அனுப்பின ஒன்பது பேரிலை ஆறு பேருக்கு ஒண்டுமில்லை. பயத்திலை பிழையாக் காட்டியிருக்குங்கள். ஆனால் உந்த ரீச்சரின்ரை கிளாஸ் பிள்ளையள் ரெண்டும் அச்சொட்டு, ஒரு பிழையுமில்லை. ஆர் அந்த ரீச்சர்? எப்பிடிப் பிடிக்கிறா?"

"விளையாட்டுக் காட்டுறா" என்றேன்.

"நல்ல விளையாட்டாயெல்லோ கிடக்கு. வேறை பிள்ளையள் இருந்தாலும் அனுப்பச் சொல்லுங்கோ. அந்த வயதிலை பிடிச்சால்தான் எங்களுக்கும் ஏதும் செய்யலாம்."

சொல்கிறேன் என்றேன். சொல்லவில்லை. வரும் வழி முழுக்க எதிர்க்காற்று. சைக்கிளை உழக்கிக்கொண்டு, அச்சொட்டு என்ற சொல்லை வாய்க்குள் போட்டு மென்றுகொண்டு வந்தேன். எனக்குச் சொல்லப்பட்டிருக்க வேண்டிய சொல்.

வீட்டில் மனைவியிடம், ஆசிரியர்கள் அதிகாரமில்லாத வேலைகளில் தலையிடுவதைப் பற்றி விளக்கமாகக் கூறினேன். அவள் வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தாள்.

"உங்களுக்கு அந்தப் பெட்டையிலை எரிச்சல்" என்றாள்.

"இது நடைமுறைப் பிரச்சினை."

"ஓமோம். நடைமுறை எரிச்சல்."

இரண்டு கிழமை கழித்து அந்தப் பிள்ளையின் தாய் என் காரியாலயத்துக்கு வந்தாள். தோட்டத்திலிருந்து நேரே வந்திருந்தாள். கால்களில் செம்மண் காய்ந்து கிடந்தது. பிள்ளையின் மருத்துவ அட்டையை ஷொப்பிங் பையில் சுற்றிக் கொண்டுவந்திருந்தாள்.

"ஐயா, ரீச்சர் ஒவ்வொரு நாளும் சொல்லியனுப்புறா, பிள்ளையைப் பெரியாஸ்பத்திரிக்குக் கொண்டுபோ, கொண்டுபோ எண்டு. வீட்டுக்கும் வந்தவ. இவர் சொல்லுறார், அரசாங்க அட்டையிலை சரியெண்டு கிடக்கு, வெங்காயம் கிண்டுற நேரத்திலை ஷெல்லடிக்குள்ளாலை என்னத்துக்குக் கொண்டுபோறது எண்டு. நீங்கள் சொல்லுங்கோ. ஆர் சொல்லுறது சரி?"

அவள் முகத்தைப் பார்த்தேன். போகச் சொன்னால் போயிருப்பாள். 'போட்டு வாங்கோ, பாத்தால் நல்லதுதானே' என்று நாலு சொல் போதும். ஆனால் அந்த நாலு சொல்லைச் சொன்னால் ரீச்சர் சொன்னது சரி என்றாகிவிடும். மைதானத்தில் கோட்டின் மேல் நின்ற பிள்ளை ஒரு கணம் நினைவுக்கு வந்தது. அட்டையில் என் கையொப்பம் கண்முன்னால் இருந்தது.

"எழுத்திலை கிடக்கிறதுதான் சரி, பிள்ளை. கண்ணுக்கு ஒண்டுமில்லை."

அவள் பெருமூச்சு விட்டாள். அட்டையைத் திரும்பச் சுற்றினாள். "அப்ப சரி ஐயா. எனக்கும் மனதுக்கை பயமாத்தான் கிடந்தது" என்று கும்பிட்டுவிட்டுப் போனாள்.

மூன்றாம் தவணை. அதே பாடசாலையின் கிணற்றுக்குக் குளோரின் போட வேண்டியிருந்தது. இடைவேளை மணி அடித்துப் பிள்ளைகள் வெளியே வந்திருந்தார்கள். மண்டபத்தின் பின்பக்கச் சுவரடியில் ஒரு கூட்டம். ஒருவன் கையில் பனைமட்டையில் சீவிய தடி. தொண்டையைச் செருமினான், இடுப்பில் கை வைத்தான், சுவரை முறைத்தான். அது நான்தான் என்று விளங்க எனக்குச் சற்று நேரம் எடுத்தது. கூட்டத்திலிருந்து இருபது அடி தள்ளி, நிலத்தில் ஒரு கோடு. அதையும் மறக்கவில்லை. கோட்டில் அந்தப் பெண்பிள்ளை, வலது கண்ணைப் பொத்திக்கொண்டு.

தடிக்காரன் சுவரில் ஒரு இடத்தைத் தொட்டான். அவள் கையைக் காட்டினாள். "சரி" என்று கத்தினார்கள். இன்னொரு இடம். சரி. வேறொருத்தி வந்தாள், இரண்டாவதில் பிழைத்தாள், வெளியே அனுப்பினார்கள். பிறகு மறுபடியும் அவள். "உவளை வெல்ல ஏலாதடா" என்றான் ஒருவன்.

கரியால் எழுத்துக் கீறிச் சுவரைப் பழுதாக்கிவிட்டார்கள் என்று நினைத்து, சத்தம் போடுவதற்காகக் கிட்டப் போனேன். சுவரில் ஒன்றும் இல்லை. சுண்ணாம்பு பூசிய வெள்ளைச் சுவர்.

பிள்ளைகள் ஓடிவிட்டார்கள். அவள் மட்டும் கோட்டில் நின்றாள். வந்தது நான் என்று அந்தக் கண்ணுக்குத் தெரியவில்லைப் போலும்.

"பிள்ளை," என்றேன், "சுவரிலை ஒண்டுமில்லையே. எப்பிடிச் சொல்லுறாய்?"

பொத்திய கையை எடுத்து என்னைப் பார்த்தாள். பயப்படவில்லை. தெரிந்த விஷயத்தைக் கேட்கிறாரே என்ற மாதிரி.

"தடி இஞ்சாலையிருந்து வந்தால் கை அங்காலை, ஐயா. தடி மேலையிருந்து வந்தால் கை கீழை. நீங்கள் அப்பிடித்தானே காட்டுறனீங்கள்."

எழுத்தின் கால்களை மறைக்கக் கூடாது என்று முதுகுப் பக்கமாகவே தடியைக் கொண்டுபோன என் கவனம். தூரத்தில் நன்றாகத் தெரியட்டும் என்று நான் பூசிய வெள்ளைப் பெயின்ற். கால் எந்தப் பக்கம் என்று ஒவ்வொரு எழுத்துக்கும் நானே விடை காட்டிக்கொண்டிருந்திருக்கிறேன். கண்டபாட்டுக்குத் தட்டிய மற்றப் பரிசோதகர்களிடம் இந்தப் பிள்ளை முதல் வரியிலேயே அகப்பட்டிருக்கும்.

கிணற்றை அப்படியே விட்டுவிட்டு இரண்டாம் வகுப்புக்குப் போனேன். ரீச்சர் கொப்பி திருத்திக்கொண்டிருந்தார். என் முகத்தைப் பார்த்ததும் பேனையை மூடினார். என்ன நடந்தது என்று சொன்னேன். எவ்வளவு குறைவான சொற்களில் சொல்ல முடியுமோ அவ்வளவில் சொன்னேன்.

"ஓம் சேர். அண்டைக்கே கண்டனான். சொல்லத்தான் வந்தனான்."

"பிறகு ஏன் எழுதியனுப்பேல்லை?"

"எழுதினனான். ரெண்டு தரம். படிவத்திலைதான் எழுதினனான்."

உண்மை. இரண்டும் கோவையில் இருந்தன. அவருடைய கையெழுத்து உறையில் தெரிந்ததும் நான் பிரிக்கவேயில்லை.

அன்றே மறுபடியும் பார்த்தோம். பழைய காட்போட் மட்டையொன்றில் ஒரு எழுத்து மட்டும் தெரியும்படி ரீச்சர் கத்தரிக்கோலால் சதுரமாக ஓட்டை வெட்டினார். அதை அட்டையின் மேல் வைத்து நகர்த்தினால் எழுத்து மட்டும் தெரியும், தடி தேவையில்லை. அவர் காட்டினார். நான் பிள்ளையின் பக்கத்தில் நின்று வலது கண்ணை மறைத்தேன். முதல் எழுத்து, அட்டையிலேயே பெரியது, ஒரு கொய்யாப்பழம் அளவு. பிள்ளை காட்டவில்லை. தலையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தது. பிறகு மெல்லக் கேட்டது:

"ஐயா, தடி எங்கை?"

கோட்டிலிருந்து அவளை முன்னுக்குக் கூட்டிக்கொண்டு போனேன். பதினைந்து அடி, பன்னிரண்டு அடி. பத்தடிக்கு வந்தபிறகுதான் அந்தப் பெரிய எழுத்து அவளுக்குத் தெரிந்தது. நின்ற இடத்திலேயே குந்தியிருந்து பழைய பதிவை ஒரு கோட்டால் வெட்டினேன். திருத்தம் சிவப்பு மையில், பக்கத்தில் சுருக்கொப்பம். பிழையைத் திருத்துவதற்கும் நடைமுறை உண்டு, அதுவும் எனக்குத் தெரியும்.

தாயிடம் நானே போனேன். தோட்டத்து வரம்பில் நின்றுதான் சொன்னேன். அவள் ஏசவில்லை. ஏசியிருக்கலாம். கையிலிருந்த வெங்காயப் பிடியைக் கீழே வைத்துவிட்டு, "நீங்கள் அண்டைக்கு ஒண்டுமில்லை எண்டனீங்கள் ஐயா" என்றாள். பிடியைத் திரும்ப எடுத்துக்கொண்டு, "கையெழுத்தும் வச்சிருந்தனீங்கள்" என்றாள்.

பெரியாஸ்பத்திரிக்கு நாலு பேர் போனோம். தகப்பனின் சைக்கிள் பாரில் பிள்ளை, என் சைக்கிளில் நான், ரீச்சரின் சைக்கிளில் அவர். டொக்டர் நெடுநேரம் பார்த்தார். பிள்ளைக்கு எட்டு வயது நடக்கத் தொடங்கியிருந்தது.

"பாப்பம்" என்றார். "கண்ணாடி போட்டு, நல்ல கண்ணைக் கட்டுவம். இன்னும் ஆறேழு மாதம் முந்தி வந்திருந்தால் நல்லம்." பிறகு ரீச்சரைப் பார்த்து, "நீங்கள்தானே அந்தக் கிளித்தட்டு ரீச்சர்?" என்றார்.

பிள்ளையின் கண்ணைப் பற்றிச் சொன்ன வார்த்தை என்னை வெட்டியது. அது வெட்டிக்கொண்டிருக்கும்போதே, அடுத்த வார்த்தை வேறொரு இடத்தில் குத்தியது. இரண்டும் ஒரே நேரத்தில் நடக்க முடியும் என்று அன்று தெரிந்துகொண்டேன்.

கண்ணில் ஒட்டும் பிளாஸ்டர் அந்தக் காலத்தில் காயக்காரருக்கே இல்லை. ரீச்சர் துணியில் தைத்துக் கொடுத்தார். கொழும்பிலிருந்து கிளாலிக் கடல்வழியாகப் படகில் கண்ணாடி வந்து சேர இரண்டு மாதம் சென்றது. பிள்ளை ஒவ்வொரு நாளும் வலது கண்ணைக் கட்டிக்கொண்டு, ரீச்சரின் மேசையோடு ஒட்டியிருந்து பாடம் எழுதியது. அழுத நாட்களில் ரீச்சரின் சேலைத் தலைப்பைப் பிடித்துக்கொண்டு எழுதியது. நான் மாதமொருமுறை போய் அளந்தேன். என்னைக் கண்டால் பிள்ளை தலையைக் குனிந்துவிடும். ரீச்சர் ஓட்டை மட்டையைத் தூக்கினால்தான் நிமிரும். முதல் வரி. அடுத்த மாதமும் முதல் வரி. பிறகு இரண்டாவது. ஒரு மழைக்காலம் முடிந்தபோது மூன்றாவது.

இதற்கிடையில் என் பகுதியிலிருந்த எட்டுப் பாடசாலைகளிலும் சின்ன வகுப்புகளைத் திரும்பவும் பார்த்தேன், தடியில்லாமல். இன்னும் இரண்டு பேர் அகப்பட்டார்கள். ஐந்து வயதும் ஆறு வயதும். நேரத்துக்கு அகப்பட்டவர்கள். மற்றப் பரிசோதகர்களுக்கு ஒரு சுற்றுக்கடிதம் எழுதி, டொக்டருக்கும் ஒரு பிரதி அனுப்பினேன். 'சுட்டுத்தடியின் பயன்பாடு நிறுத்தப்பட்டு, துளையிட்ட மட்டை முறை அறிமுகப்படுத்தப்பட்டுள்ளது' என்று எழுதினேன். யார் அறிமுகப்படுத்தியது என்று எழுதவில்லை. உத்தியோகக் கடிதங்களில் காரியங்கள் தாமாகவே நடக்கும்.

ஒரு கிழமையில் டொக்டரிடமிருந்து பதில் வந்தது. அவருடைய சொந்தக் கையெழுத்தில், ஒரு முழுப் பக்கம். 'அன்புள்ள அண்ணை, உங்கள் புதிய முறை மிகவும் சிறப்பானது. இவ்வளவு காலம் எங்களில் ஒருவருக்கும் இது தோன்றவில்லையே என்று வெட்கப்படுகிறேன்' என்று தொடங்கியது. எத்தனை வருடமாகக் காத்திருந்த கடிதம். இரண்டு நாள் சட்டைப் பையில் வைத்துத் திரிந்தேன். மூன்றாம் நாள் மனைவி சட்டையைத் தோய்க்க எடுத்தபோது கண்டு, வாசித்துவிட்டு, மடித்துத் தந்தாள்.

"இதை அந்தப் பிள்ளைக்குக் காட்டினீங்களோ?"

"எந்தப் பிள்ளைக்கு?"

"மட்டை வெட்டின பிள்ளைக்கு."

அந்த மாதம் அளக்கப் போனபோது கொண்டுபோனேன். முதலில் அளந்தோம். பிள்ளை நாலாவது வரியைக் காட்டியது, நாலு எழுத்தில் மூன்று சரி. ஐந்தாவது வரியில் கையை இறக்கிவிட்டது. அதற்கு முந்தின இரண்டு மாதமும் அதே நாலாவது வரிதான். இனிப் பெரிதாக முன்னேறாது என்று டொக்டர் சொல்லியிருந்தார். எழுதிக்கொண்டேன். பிள்ளை வகுப்புக்குப் போனபிறகு கடிதத்தை எடுத்து நீட்டினேன்.

ரீச்சர் நின்றபடியே வாசித்தார். ஆறுதலாக, கடைசி வரைக்கும். திருப்பி மடித்தார், நான் மடித்த மடிப்பிலேயே.

"வடிவான கடிதம் சேர். உங்கடை பேரையும் வடிவா எழுதியிருக்கிறார். கவனமா வையுங்கோ."

குரலில் குத்தல் இருக்கிறதா என்று தேடினேன். இருந்திருந்தால் எனக்கு வசதியாக இருந்திருக்கும். அவர் அதற்குள் வகுப்பின் வாசலுக்குப் போய்விட்டார். பிள்ளையின் கண்ணாடியை வாங்கித் தன் சேலைத் தலைப்பால் துடைத்துக்கொண்டிருந்தார்.

டொக்டருக்கு உண்மையை எழுத வேண்டும் என்று நினைத்தேன். வரைவு எழுதினேன். இரண்டு தரம். அனுப்பவில்லை. பிறகு தொண்ணூற்றைந்தில் சண்டை நெருங்கி வலிகாமத்துச் சனமெல்லாம் எழும்பித் தென்மராட்சிக்கு நடந்தபோது ஆளுக்கொரு திசையானோம். ரீச்சரையோ அந்தப் பிள்ளையையோ அதன் பிறகு நான் காணவில்லை. அன்று வீட்டைவிட்டு வெளிக்கிடும்போது ஒரு சைக்கிளில் எவ்வளவு ஏற்றலாம் என்று மனைவியோடு வாக்குவாதப்பட்டேன். கருங்காலித் தடியை விட்டுவிட்டு வந்தேன். டொக்டரின் கடிதத்தைக் கொண்டுவந்தேன்.

இப்போதும் இருக்கிறது. நாலாவது வரியில் நின்றுபோன ஒரு இடது கண் எங்கேயோ இந்த உலகத்தைப் பார்த்துக்கொண்டிருக்கும். ஏழு மாதம் முந்தியிருந்தால் ஆறாவது வரிக்கு, ஒருவேளை ஏழாவதுக்கே வந்திருக்கும். இதை நான் கடிதத்தை எடுக்கிற ஒவ்வொரு தடவையும் நினைக்கிறேன். அதோடு இன்னொன்றையும் நினைக்கிறேன். அந்தக் கடிதத்தில் தன் பெயர் இல்லை என்று கண்டபிறகும், அது வேண்டும் என்று ஒரு கணமாவது அந்த ரீச்சருக்குத் தோன்றவில்லை. அவருடைய கையெழுத்தையும் அவருக்குக் கிடைத்த அச்சொட்டையும் மன்னித்துவிட்டேன். அதை இன்னும் என்னால் மன்னிக்க முடியவில்லை.